அரசு அலுவலகத்து நாற்காலியை யார் வாங்குகிறார்கள்?

வாசகர் கேள்வி - பதில்

அரசு தன் சொந்த வீட்டை எப்படி நடத்துகிறது என்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். மேசை, நாற்காலி, ஜீப், அச்சுத்தாள், வாடகைக் கட்டடம், இவற்றுக்கெல்லாம் போடப்படும் பில் என எல்லாமே இதில் வரும். கடிதம் எழுதியவர்களில் பாதிப்பேர் அரசுக்குப் பொருள் விற்க நினைப்பவர்கள். அதனால் அந்தக் கேள்விகளுக்குத்தான் இடம் அதிகம் போயிருக்கிறது.

அமெரிக்காவின் ஒஹையோ, ஓரிகான் போன்ற மாநிலங்களில் கொள்முதல், வாகனம், கட்டடம், கணினி எல்லாவற்றையும் ‘நிர்வாகப் பணிகள் துறை’ என்று ஒரே துறை கவனிப்பதாகப் படித்தேன். தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்வது எந்தத் துறை?
*— போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகி, திருநெல்வேலி*

அப்படி ஒரே துறை இங்கே கிடையாது. அதே வேலைகளைப் பல துறைகளும் கழகங்களும் பங்கு போட்டுச் செய்கின்றன. அரசுக் கட்டடங்களும் அவற்றின் பராமரிப்பும் பொதுப்பணித் துறையிடம் இருக்கின்றன. படிவம், பதிவேடு, அரசிதழ் ஆகியவை எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையின் பொறுப்பு. அரசு வாகனங்களைப் பழுது பார்க்கவும், ஓடாதவற்றைக் கழிக்கவும் மோட்டார் வாகனப் பராமரிப்புத் துறை இருக்கிறது. அரசு தானியங்கிப் பணிமனைகள் அதைச் சேர்ந்தவை. கணினி கொள்முதலில் எல்காட், மருந்தில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அறைகலனில் டான்சி, துணியில் கோ-ஆப்டெக்ஸ் என்று பெயர்கள் நீளும். ஊழியர்களின் பணி விதிகளைப் மனிதவள மேலாண்மைத் துறை வகுக்கிறது, ஆட்களைத் தேர்வு செய்வது தேர்வாணையம், பணம் கருவூலத்தின் வழியாக வருகிறது.

இவற்றுக்கு வெளியே இருக்கும் எல்லாவற்றையும் அந்தந்தத் துறையே டெண்டர் விட்டு வாங்கிக்கொள்கிறது. எல்லோரையும் கட்டுப்படுத்துகிற பொதுக் கயிறுகள் இரண்டு. ஒன்று, 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் கீழ் வந்த 2000-ஆம் ஆண்டு விதிகளும். இவை அரசுத் துறைகளுக்கு மட்டுமல்ல, உள்ளாட்சி அமைப்புகள், வாரியங்கள், கழகங்கள், பல்கலைக்கழகங்கள் வரை செல்லும். இன்னொன்று நிதித் துறையின் ஒப்புதல். தேர்வில் கேட்டால் இந்த இரண்டையும் மறக்காமல் எழுதுங்கள். துறைப் பெயர்களை மட்டும் அடுக்கி நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம்.

மர, இரும்பு அறைகலன் செய்கிறோம். இரண்டு டெண்டர்களில் எங்கள் விலைதான் குறைவு என்று பின்னர் தெரிந்தது. இரண்டிலும் தொழில்நுட்ப உறையிலேயே தள்ளிவிட்டார்கள். எங்கே தவறுகிறோம்?
*— சிறுதொழில் முனைவோர், ஈரோடு*

விலையைப் பார்க்கும் கட்டத்துக்கு உங்கள் டெண்டர் போகவே இல்லை. இரட்டை உறை முறையில் முதல் உறை தகுதிக்கானது. அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டும்தான் திறப்பார்கள். தேறாதவர் எவ்வளவு குறைவாகப் போட்டிருந்தாலும் கணக்கில்லை. சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் முதல் உறையில்தான் விழுகின்றன, அதுவும் பொருளின் தரத்தால் அல்ல, காகிதத்தால்.

வழக்கமாக நடப்பவற்றைச் சொல்கிறோம். உங்கள் கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். விற்றுமுதல் சான்றைப் பட்டயக் கணக்காளரிடம் வாங்கியிருப்பீர்கள். அதில் ‘யூடின்’ எண், அதாவது பட்டயக் கணக்காளர் தரும் ஒவ்வொரு சான்றுக்குமான தனி அடையாள எண் இல்லாவிட்டால், 2019 பிப்ரவரி முதல் கொடுக்கப்பட்ட சான்றுக்கு மதிப்பில்லை. மூன்று ஆண்டு விற்றுமுதல் கேட்ட இடத்தில் எந்த மூன்று நிதியாண்டு என்பதைக் கவனிக்காமல் ஓராண்டு தள்ளிக் கொடுப்பது அடுத்த பிழை. ‘இதே போன்ற பொருள்’ வழங்கிய அனுபவத்துக்குக் கொள்முதல் ஆணையை மட்டும் வைத்தால் போதாது. ஆணை கிடைத்ததைத்தான் அது காட்டும், வேலையை முடித்ததைக் காட்டாது. நிறைவுச் சான்றோ, பொருளைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோ கூடவே வேண்டும்.

முன்வைப்புத் தொகை, அதாவது ஈஎம்டி, கொள்முதல் மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது விதி. குறு, சிறு நிறுவனங்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் அது நீங்களே உற்பத்தி செய்கிற பொருளுக்கு. குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவான உத்யம் சான்றில் ‘வணிகம்’ என்று பதிந்துவிட்டு, உற்பத்தியாளருக்கான விலக்கைக் கேட்டால் ஈஎம்டி கட்டாதவர் என்ற கணக்கில் வெளியே போவீர்கள். உங்கள் சான்றில் எந்தத் தொழில் வகைக் குறியீடு இருக்கிறது, அது டெண்டர் பொருளோடு பொருந்துகிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் தொகையைக் கட்டிவிடுவதே நல்லது. தோற்றால் திரும்பி வரும் பணம்தானே.

அடுத்தது நிபந்தனை. ‘போக்குவரத்து தனி’, ‘50 சதவீதம் முன்பணம்’, ‘இரும்பு விலை ஏறினால் விலையும் மாறும்’ என்று உங்கள் லெட்டர்பேடில் ஒரு வரி எழுதி இணைத்தால் அது நிபந்தனை டெண்டர். ஏற்க மாட்டார்கள். வழக்கமான வியாபாரக் கடிதத்தின் அச்சடித்த அடிக்குறிப்பே சிலரைக் கவிழ்த்திருக்கிறது. இதைவிட மோசம், விலையைத் தொழில்நுட்ப உறையில் எங்காவது எழுதிவிடுவது. பொருள் விவரக் கையேட்டில் விலைப்பட்டியல் பக்கமும் சேர்ந்து ஸ்கேன் ஆகியிருந்தால்கூடப் போச்சு.

மின்னணு டெண்டரில் வேறு மாதிரியான பள்ளங்கள். விலைப்பட்டியல் எக்செல் கோப்பாக வரும். அதன் பெயரை மாற்றக் கூடாது, புதிய வரிசை சேர்க்கக் கூடாது, நிறமிட்ட கட்டங்களில் மட்டும் எண்ணை நிரப்பி அதே பெயரில் ஏற்ற வேண்டும். கோப்புகளை எல்லாம் ஏற்றிய பிறகு ‘ஃப்ரீஸ்’ பொத்தானை அழுத்தினால்தான் டெண்டர் சமர்ப்பித்ததாகும். அதற்கு முன் எத்தனை கோப்பு ஏற்றியிருந்தாலும் அது வரைவுதான். ஒப்புகைச் சீட்டு கைக்கு வரவில்லை என்றால் நீங்கள் கலந்துகொள்ளவில்லை என்று பொருள். கடைசி நேரம் வரை திருத்தி மறுபடி சமர்ப்பிக்கலாம், ஆனால் ஒருமுறை ‘திரும்பப் பெறு’ என்று அழுத்திவிட்டால் அந்த டெண்டருக்குள் மறுபடி நுழைய முடியாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் வாய்ப்பை இழப்பவர்கள் உண்டு. நேரம் என்பது சர்வர் கடிகார நேரம், உங்கள் கைபேசி நேரம் அல்ல. முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

திருத்த அறிவிப்புகளையும் விடாதீர்கள். டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் கேட்ட சந்தேகங்களின் விளைவாக அளவோ, தகடு கனமோ மாறியிருக்கும். பழைய அளவுக்கு விலை போட்டு ஜெயித்தால் அது தோற்பதைவிடக் கஷ்டம்.

எல்-1 (மிகக் குறைந்த விலை தந்தவர்) ஆக வந்த பிறகும் ‘விலையைக் குறையுங்கள்’ என்று கூப்பிட்டுப் பேசுகிறார்கள். இது சட்டப்படி சரியா? இரண்டாவது வந்தவரையும் கூப்பிடுவார்களா?
*— அச்சகம் நடத்துபவர், சிவகாசி*

சந்தை நிலவரத்தோடு பார்க்கும்போது மிகக் குறைந்த விலையே அதிகம் என்று பட்டால், அந்த விலை தந்தவரிடம் மட்டும் பேசிக் குறைக்கச் சட்டம் இடம் தருகிறது. இரண்டாவது, மூன்றாவது வந்தவர்களோடு விலை பேரம் கிடையாது. மொத்தத் தேவையை ஒருவரால் தர முடியாது என்று டெண்டர் ஆவணத்திலேயே சொல்லியிருந்தால் நிலைமை வேறு. எல்-1 விலைக்கே இறங்கி வரச் சம்மதிப்பவர்களுக்கு அளவைப் பிரித்துக் கொடுக்கலாம். உறை திறந்த பிறகு யாராவது ‘5 சதவீதம் தள்ளுபடி தருகிறேன்’ என்று கடிதம் கொடுத்தால் அதைக் கணக்கில் எடுக்கவே கூடாது.

பேச்சுக்கு அழைத்தால் போகும்போது மூலப்பொருள் விலை, கூலி, வரி, வண்டி வாடகை எல்லாம் பிரித்த ஒரு தாள் கையில் இருக்கட்டும். குறைக்க முடியாவிட்டால், முடியாது என்று எழுத்தில் கொடுங்கள். மரியாதைக்காக ஒரு ரூபாய் குறைத்துவிட்டு, பின்னால் 90 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) தாளுக்குப் பதில் 80 ஜிஎஸ்எம் போடுகிற வழிக்குப் போகாதீர்கள். ஆய்வில் எடை போட்டுப் பார்ப்பார்கள், சரக்கு திரும்பும், ஆணை மதிப்பில் 5 சதவீதம் வரை கட்டிய காப்புத் தொகையும் சிக்கும்.

டெண்டர் அறிவிப்பு வந்த ஏழாவது நாளே கடைசி நாள் என்று போட்டிருந்தார்கள். எதிர்த்துக் கேட்க முடியுமா?
*— மின்சாதன விற்பனையாளர், தஞ்சாவூர்*

விதிப்படி 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் தர வேண்டும். குறைக்கவும் வழி இருக்கிறது. ஆனால் டெண்டர் கோரும் அதிகாரிக்கு மேல்நிலையில் உள்ளவர், காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதித்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பின் நகலைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். பதில் வர 30 நாள் ஆகும் என்பதால் அந்த டெண்டருக்கு இது உதவாது. அடுத்ததற்கு உதவும். உடனடியாக வேண்டுமானால் கடைசி நாளுக்கு முன்பே கால நீட்டிப்புக் கேட்டு டெண்டர் கோரும் அதிகாரிக்கு எழுதுங்கள்.

டெண்டரில் கலந்துகொண்டு, முடிவு சரியில்லை என்று நினைப்பவர் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். முடிவு ஆணை கையில் கிடைத்த நாளிலிருந்து 10 நாள்தான் அவகாசம். கலந்துகொள்ளாதவருக்கு இந்த வழி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ‘எப்படியும் நமக்குக் கிடைக்காது’ என்று ஒதுங்கியவர் பின்னால் புகார் மட்டும் கொடுப்பதில் பலன் குறைவு.

பொருள் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. பணம் வரவில்லை. கேட்டால் ‘கருவூலத்தில் இருக்கிறது’ என்கிறார்கள். முன்பு ஒரு பில்லுக்கு வந்த தொகையும் குறைவாக இருந்தது.
*— எழுதுபொருள் உற்பத்தியாளர், மதுரை*

முதலில் அது உண்மையிலேயே கருவூலத்தில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பில் முதலில் வாங்கிய அலுவலகத்தில் இருக்கும். பொருளைச் சரிபார்த்து, இருப்புப் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் ஏற்றினோம் என்று பில்லின் மேலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகு செலவு அனுமதி ஆணை. அதன் பிறகுதான் பணம் பெற்று வழங்கும் அலுவலர் இணையவழி பில் தயாரித்துக் கருவூலத்துக்கு அனுப்புவார். சென்னையில் என்றால் சம்பளக் கணக்கு அலுவலகத்துக்கு. பெரும்பாலான பில்கள் தூங்குவது இருப்புப் பதிவேட்டுச் சான்று கிடைக்கும் முன்பே, அதாவது கருவூலத்தை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே. பில் கருவூலத்துக்குப் போயிருந்தால் அதற்கு ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைக் கேளுங்கள். எண் இல்லை என்றால் பில் இன்னும் மேசையில் இருக்கிறது.

கருவூலத்திலிருந்து திரும்பி வரும் காரணங்கள் சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரியானவை. ஆணையில் இருக்கும் நிறுவனப் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒரு எழுத்து மாறியிருக்கும். ஜிஎஸ்டி எண் தவறாக இருக்கும். கணக்குத் தலைப்பில் அந்த ஆண்டுக்கான நிதி தீர்ந்திருக்கும். கடைசியாகச் சொன்னதுதான் கடினம். மார்ச் 31-க்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும், அடுத்த ஆண்டு ஒதுக்கீடு வந்து இறங்கும்வரை உங்கள் பில் நகராது. பிப்ரவரி கடைசியில் ஆணை வாங்கி மார்ச் 28-இல் பொருள் இறக்குவது ஆபத்தான வியாபாரம்.

முந்தைய பில்லுக்கு வந்த தொகை குறைகிறதே என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒப்பந்த மதிப்பு, வரி நீங்கலாக, 2,50,000 ரூபாயைத் தாண்டினால் அரசு அலுவலகம் 2 சதவீதம் ஜிஎஸ்டி பிடித்தம் செய்யும். மாநிலத்துக்குள் என்றால் மத்திய, மாநில வரிக் கணக்குகளில் தலா 1 சதவீதம். உதாரணமாக 4,00,000 ரூபாய்ச் சரக்கு, 18 சதவீத வரி 72,000, மொத்த பில் 4,72,000. பிடித்தம் 4,00,000-த்தின் மீது மட்டும், 8,000. கையில் வருவது 4,64,000. அந்த 8,000 தொலையவில்லை. அலுவலகம் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்யும், நீங்கள் ஜிஎஸ்டி தளத்தில் போய் அதை ஏற்றுக்கொண்டால் உங்கள் மின்னணு ரொக்கக் கணக்கில் சேரும். ஏற்றுக்கொள்ளாமல் விட்டுவிட்டு ‘பிடித்த பணம் போச்சு’ என்று எழுதுபவர்கள் நிறைய.

தாமதத்துக்கு வழி 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. பொருளை வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் வாங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. குறு, சிறு நிறுவனங்களின் வசதியாக்கக் குழுமத்தில் இணையவழி மனு போடலாம். குழுமத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டுமானால் வாங்கிய தரப்பு 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும். பல அலுவலகங்கள் அந்தக் கட்டம் வரும் முன்பே பில்லை முடித்துவிடுவதற்கு இதுவே காரணம். இரண்டு எச்சரிக்கைகள்: வாங்கி விற்கும் வணிகர்களுக்கு இந்த வட்டி உரிமை கிடையாது, உற்பத்தியாளர்களும் ஒப்பந்தத்துக்கு முன்பே உத்யம் பதிவு வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. பாக்கி நின்ற பிறகு ஓடிப் போய்ப் பதிவு செய்தால் முந்தைய பில்லுக்கு அது கைகொடுக்கும் என்று நம்பாதீர்கள்.

எல்லாத் துறைக்கும் ஒரே இடத்தில் மொத்தமாக வாங்கினால் விலை குறையாதா?
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்*

சில பொருள்களில் குறையும், சிலவற்றில் குறையாது. குறைந்ததற்கு நல்ல உதாரணம் மருந்து. 1994-இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் ஆண்டுத் தேவையை மாநில அளவில் கூட்டி, விலை ஒப்பந்தம் போடுகிறது. மருந்து மாவட்டக் கிடங்குகளுக்கு வருகிறது. ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியிலிருந்தும் (பேட்ச்) மாதிரி எடுத்து, உற்பத்தியாளர் பெயரை மறைத்துக் குறியீடு இட்டு, ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறிய தொகுதிதான் மருத்துவமனைக்குப் போகும். மருத்துவமனை கையில் பணம் கிடையாது, ஒரு பாஸ்புக்தான். அதில் உள்ள தொகை வரைக்கும் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வாங்குவது ஓரிடம், எதை எவ்வளவு எடுப்பது என்பது பயன்படுத்துபவர் கையில். இந்தப் பிரிவினைதான் அதன் வெற்றி.

மருந்துக்கு இது பொருந்துகிறது, ஏனென்றால் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் எங்கும் ஒன்றே. ஒரு தாலுகா அலுவலகத்தின் தட்டுமுட்டுப் பழுதுக்கு இது பொருந்தாது. உடைந்த குழாய்க்குச் சென்னையிலிருந்து விலை ஒப்பந்தம் வரும்வரை தண்ணீர் காத்திருக்காது. எங்கள் கருத்தில், பொருளின் தரத்தை ஒரு தாளில் முழுமையாக எழுத முடியுமானால் மையமாக வாங்கலாம். முடியாதென்றால் அந்தந்த ஊரிலேயே வாங்க விடுவதுதான் மலிவு.

அரசு ஜீப் ஏலத்தில் மலிவாகக் கிடைக்குமாமே? எடுத்து ஓட்டலாமா?
*— விவசாயி, பொள்ளாச்சி*

ஏலம் எடுக்கும் முன் முதல் பதிவுத் தேதியைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய, மாநில அரசுகளுக்கும் அவற்றின் நிறுவனங்களுக்கும் சொந்தமான வாகனங்கள் 15 ஆண்டோடு பதிவை இழக்கின்றன. அவை பதிவுபெற்ற உடைப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும், சாலைக்கு வரக் கூடாது. 15 ஆண்டுக்கு உட்பட்டு, விபத்தாலோ பழுதாலோ கழிக்கப்பட்ட வண்டி என்றால் மட்டும் யோசிக்கலாம். ‘உள்ளது உள்ளபடி’ என்றுதான் விற்பார்கள். என்ஜின் பிளாக் விரிசலோ கியர்பாக்ஸ் இல்லாததோ உங்கள் பொறுப்பு. அதனால் பார்வை நாளில் ஒரு மெக்கானிக்கோடு போய், சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ள வணிகராக எடுத்தால் வரியை நீங்களே நேரடியாகக் கட்ட வேண்டும். மதுவிலக்கு வழக்கில் பறிமுதலான வண்டிகளின் ஏலம் இதோடு சேர்ந்ததல்ல. அவை அரசு வாகனங்கள் இல்லை.

பெயர் மாற்றத்தை அரசிதழில் போட்டால் அரசே அங்கீகரித்ததாக ஆகுமா?
*— கல்லூரி மாணவி, சேலம்*

ஆகாது. நீங்கள் கொடுத்த அறிவிப்பை எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வெளியிடுகிறது, அவ்வளவுதான். சட்ட விளைவுகளுக்கு அறிவிப்பவரே பொறுப்பு என்று அரசிதழிலேயே அச்சிட்டிருக்கும். ஆனாலும் பாஸ்போர்ட், வங்கி, ஆதார் எல்லாம் இதைத்தான் கேட்கும்.

கவனம் தேவைப்படுவது எழுத்தில். பழைய பெயர் உங்கள் பிறப்புச் சான்றில், மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இன்ஷியலோடு இருக்க வேண்டும். சான்றுகளில் பெயர் இரண்டு விதமாக இருந்தால் இரண்டையும் குறிப்பிடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் தேவையென்றால் விண்ணப்பமும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். தமிழில் மட்டும் வெளியானதை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் அலுவலகத்தில் நின்றால் எழுத்துக்கூட்டல் பிரச்சினை வரும். 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். மதிப்பெண் பட்டியலைத் திருத்திக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். பழைய பட்டியலோடு அரசிதழ் நகலைச் சேர்த்துக் காட்டுவதுதான் வழக்கம். வெளியான பக்கத்தைப் பல நகல் எடுத்து வையுங்கள், தேதியும் பக்க எண்ணும் தெரியும்படி.

என் கட்டடத்தை அரசு அலுவலகத்துக்கு வாடகைக்கு விட விருப்பம். வாடகையை நான் சொல்லலாமா?
*— வீட்டு உரிமையாளர், விழுப்புரம்*

சொல்லலாம், ஆனால் முடிவு பொதுப்பணித் துறையின் நியாய வாடகைச் சான்றைப் பொறுத்தது. இடத்தின் மதிப்பு, கட்டடப் பரப்பு, வயதுக்கான தேய்மானம் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடுவார்கள். கடைத்தெரு வாடகையோடு ஒப்பிட்டால் குறைவாகவே வரும். ஒப்பந்தக் காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே புதுப்பிக்கக் கடிதம் கொடுங்கள். காலம் முடிந்த பிறகு கொடுத்தால் புதிய சான்று வரும்வரை பழைய வாடகைதான் வரும். சில சமயம் அதுவும் வராது.